நேரத்துக்கு வந்த பூ

ஷட்டரை நீங்களே கொஞ்சம் எட்டி இறக்கிவிடுங்கள் சார். தூறல் முதலில் என்மேல்தான் அடிக்கிறது, எனக்கும் தெரிகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவன்தான் இறக்க வேண்டும், அதுதான் பஸ்ஸில் வழக்கம், அதுவும் தெரியும். அந்த இரண்டு கொண்டியையும் ஒரே சமயத்தில் உள்பக்கமாக அழுத்தினால்தான் ஷட்டர் நகரும். ஒன்றை விட்டால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். இதைச் செய்த மனிதருக்குப் பத்து விரல் இருந்திருக்கிறது. எனக்கும் பத்து இருக்கிறது. எண்ணிக்கையில் குறை இல்லை.

நன்றி. ஒரே அழுத்தில் இறக்கிவிட்டீர்கள். கொடுத்துவைத்த கை.

கடலூர்வரையா? நானும் அங்கேதான். விருத்தாசலத்தில் ஏறும்போது பார்த்தேன், முன்னால் அந்த மாற்றுத்திறனாளி இருக்கை காலியாக இருந்தும் நீங்கள் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. உங்கள் காரணம் நேர்மையாக இருக்கலாம். என் காரணம் வேறு. அங்கே உட்கார்ந்தால் கண்டக்டர் அட்டை கேட்பார். என்னிடம் அட்டை இல்லை. வாங்குங்கள், வாங்குங்கள் என்று என் மனைவி தையல்நாயகி வருஷக்கணக்காகச் சொல்கிறாள். எப்படி வாங்குவது? நான் உடற்கல்வி ஆசிரியர் சார். பி.டி. வாத்தியார். விசில் போடுகிற சட்டைப்பையில் அந்த அட்டையையும் போட்டால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளாதா?

பெயர் விருத்தகிரி. பள்ளிக்கூடம் விருத்தாசலத்திலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில். வயது ஐம்பத்திரண்டு. நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பள்ளி நூலகமும் என் பொறுப்புதான். எங்கள் பள்ளியில் நூலகர் என்று தனியாக ஆள் கிடையாது. யாருக்கு வேலை குறைவு என்று மற்றவர்கள் நினைக்கிறார்களோ அவரிடம் பீரோ சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவர்கள் யாரும் அதை நான் திறப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. நான் திறந்தேன். இப்போதெல்லாம் தாமதமாக வருகிற பையனை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதில்லை. அகராதியைக் கொடுத்து, 'ஞமலி' என்றால் என்ன, பார்த்துச் சொல் என்பேன். ஓடுவதைவிட அதற்குத்தான் பயப்படுகிறார்கள். நானும் கூட ஓட வேண்டியதில்லை.

கடலூரில் என்ன வேலை என்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா? சரி, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றரை மணிக்கு மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆள் வேலைக்கு லாயக்கா, இல்லையா என்று சொல்வார்கள். லாயக்கில்லை என்றால் மருத்துவக் காரணத்தின் பேரில் ஓய்வு. எட்டு வருஷம் முன்னதாகவே மாலை, சால்வை, போட்டோ. மனு நான்தான் கொடுத்தேன். அதாவது, கையெழுத்து என்னுடையது. எழுதியது தையல்நாயகி.

எனக்கு இருப்பது மூட்டு நோய். ஆஸ்பத்திரிச் சீட்டில் முடக்குவாதம் என்று போடுவார்கள். விருத்தாசலத்தில் ஒரு சித்த வைத்தியர் சரவாங்கி என்றார். எனக்குச் சரவாங்கிதான் பிடித்திருந்தது. முடக்குவாதம் என்கிற பெயர் நோயை மட்டும் சொல்லி நிறுத்தாமல் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சரவாங்கி என்றால் ஏதோ மாயவரம் பக்கத்துப் பலகாரம் போல இருக்கிறது. எங்கள் டாக்டர் அழகாக விளக்கினார்: "உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான் சார். உங்களுக்கு அவன் வீட்டுக்காரனையே திருடன்னு நெனச்சு அடிக்கிறான்." ஆளைத் தெரியாத காவல்காரன். அவ்வளவுதான் நோய்.

காலையில்தான் அதன் ஆட்சி. எழுந்திருக்கும்போது பத்து விரலையும் யாரோ இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். பல்பொடி டப்பாவைக்கூடத் திறக்க முடியாது. பத்து, பதினொரு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக அவிழும். பிற்பகலில் நான் ஏறக்குறைய மனிதன். சாயங்காலம் பார்த்தீர்களானால், நோயா, இவருக்கா என்பீர்கள். எட்டொன்பது வருஷமாக இப்படி. பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

சிரிக்காதீர்கள். உண்மையிலேயே தெரியாது. அந்த அளவுக்குத் திறமையாக மறைத்து வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் அப்படித்தான். சட்டைப்பையில் பாருங்கள், பழைய டிக்கெட்டில் சுற்றி ஒரு மாத்திரை. ஸ்டீராய்டு. டாக்டர் நிறுத்திவிட்டார், எலும்பு கரையும், சர்க்கரை ஏறும் என்று. நான் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். வடலூரில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். அங்கே டீயோடு போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நான் முப்பது வயது ஆள். விறைப்பாக உள்ளே போவேன். வணக்கம் சொல்வேன். நாற்காலியின் கையைப் பிடிக்காமல் உட்கார்ந்து, பிடிக்காமல் எழுவேன். உங்கள் வேலையை நீங்களே செய்ய முடிகிறதா என்று கேட்பார்கள். இத்தனை வருஷமாக யார் செய்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். தகுதி உண்டு என்று எழுதிவிடுவார்கள். போர்டே எழுதிக் கொடுத்த பிறகு வீட்டில் யார் வாயைத் திறக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் யார் வாயைத் திறக்க முடியும்? அதற்காகத்தான் மனுவில் கையெழுத்தே போட்டேன்.

தையல்நாயகிக்கு இது தெரியாது. காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே சொல்கிறாள்: "டாக்டர் முன்னாடி போய் அட்டென்ஷன்ல நிக்காதீங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. அவங்க ஒண்ணும் சுதந்திர தின அணிவகுப்பு பாக்க வரல." சொல்லிவிட்டு, கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, "பாதிச் சம்பளம் போதும் எனக்கு. முழு ஆளா வீட்ல இருங்க" என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஆனால் பள்ளிக்கூடத்தை யார் பார்ப்பது? நான் போனால் அந்த ஜெசிந்தா டீச்சருக்கு எவ்வளவு வசதியாகிவிடும் என்று யோசித்துப் பார்த்தேன். இப்போது அவர் மாற்றலாகிப் போய்விட்டார், பண்ருட்டிப் பக்கம். இருந்தாலும் ஒரு எட்டு வருஷம் அவர் எனக்குச் செய்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

கணக்கு டீச்சர். நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கும். பிள்ளைகள் காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு வந்து நிற்பார். "சார், போர்ஷன் முடியல, ஒங்க பீரியட கொஞ்சம் குடுங்க." நாடு முழுக்க இதுதான் நடைமுறை. நாமும் கொடுப்போம். பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு, கொடுக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் ஜெசிந்தா டீச்சர் ஆறாம் வகுப்பு பீரியடையும் கேட்டார் சார். ஆறாம் வகுப்புக்கு என்ன போர்ஷன் தலைபோகிறது? கேட்டேன். "பின்னம் வரமாட்டேங்குது சார்" என்றார். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் எந்தக் காலத்தில் வந்தது? வாரத்தில் எனக்கு முதல் பீரியட் நாலு நாள். நாலையும் எடுத்துக்கொண்டார். இரண்டாவது பீரியட் இருந்தால் அதையும். ஆனால் பிற்பகல் பீரியடை ஒருநாள், ஒரே ஒருநாள், கேட்டதில்லை. இதைக் கவனியுங்கள். காலை இளவெயில், விளையாட ஏற்ற நேரம், அது அவருக்கு. மண்டை காய்கிற மூன்று மணி வெயில், அது எனக்கு. எவ்வளவு கணக்கான ஆள் பாருங்கள்.

நான் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். வேறென்ன செய்ய? பீரியடே இல்லையே. என் படிப்பெல்லாம் அந்தத் திருட்டுப்போன காலைகளில் படித்ததுதான்.

இது மட்டுமா? காலை வழிபாட்டில் கட்டளை கொடுப்பது பி.டி. வாத்தியாரின் உரிமை. நேராய் நில், இயல்பாய் நில். நானூறு பிள்ளைகள் ஒரே சத்தத்தில் குதிகாலைச் சேர்க்கும். இந்த அம்மாள் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "மாணவர்கள்ட்ட தலைமைப் பண்பு வளரணும், வாரம் ஒருத்தர் கட்டளை குடுக்கட்டும்" என்றார். தலைமையாசிரியர் கலியபெருமாள் உடனே தலையாட்டிவிட்டார். அவர் எதற்கும் உடனே தலையாட்டுகிற ஆள் இல்லை. ஒரு பல்பு மாற்ற மூன்று கூட்டம் போடுவார். அன்றைக்கு மட்டும் என் பக்கம் பார்க்காமலே தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் வழிபாடு முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாலும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கிற அளவுக்குக்கூட மதிப்பில்லை என்று ஆகிவிட்டது.

விளையாட்டுச் சாமான் அறை மாடியில் இருந்தது. ஒருநாள் வந்து பார்த்தால் கீழே, ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில். கேட்டால், மாடியில் கரையான் என்றார்கள். மாடி அறையில் இப்போது பழைய விடைத்தாள் கட்டுகளை வைத்திருக்கிறார்கள். கரையான் பந்தைத் தின்னும், காகிதத்தைத் தின்னாது போல. பூட்டும் போயிற்று. தொலைந்துவிட்டது என்றார் ஜெசிந்தா டீச்சர். அந்தப் பூட்டு முரட்டுப் பூட்டு, சாவியைத் திருப்ப எனக்குக் காலையில் ஒரு யுகம் ஆகும். இருந்தாலும் பள்ளிச் சொத்து அல்லவா? இப்போது வெறும் கொண்டி. ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்கிறது. பாதுகாப்பே இல்லை.

மந்தாரக்குப்பம் போய்விட்டதா? நெய்வேலி வரப்போகிறது. நீங்கள் தூங்கவில்லையே?

சரி, கொடி விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம். அதனால்தான் இன்றைக்கு இந்த பஸ்ஸில் இருக்கிறேன்.

ஆகஸ்டு பதினைந்து, ஜனவரி இருபத்தாறு. கொடி கட்டுவது யார் என்று எந்தப் பள்ளியிலும் போய்க் கேளுங்கள். பி.டி. வாத்தியார் என்பார்கள். தலைமையாசிரியர் கட்ட மாட்டார், தமிழாசிரியர் கட்ட மாட்டார். கொடியை மடித்து, நடுவில் பூவிதழை வைத்து, சுருட்டி, கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, உருவாஞ்சுருக்குப் போட வேண்டும். சிறப்பு விருந்தினர் கீழே நின்று ஒரே இழுப்பு இழுத்தால் மேலே பொட்டலம் விரிந்து, கொடி பறந்து, பூ கொட்ட வேண்டும். முடிச்சு தளர்ந்திருந்தால் முன்னதாகவே காற்றில் பிரிந்துவிடும். இறுகியிருந்தால் பிரியவே பிரியாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. பாகுப் பதம் மாதிரி. அது விரல் நுனிக்குத்தான் தெரியும். என் முடிச்சில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கொடிகூட மாட்டிக்கொண்டதில்லை. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்து பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

காலையில் கை ஒத்துழைக்காது என்பதால் முந்தின நாள் சாயங்காலமே கட்டித் தயாராக வைத்துவிடுவேன். விடிந்ததும் காவலாளி மேலே ஏற்றிவிடுவார். ஜெசிந்தா டீச்சர் வந்த முதல் வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தார். "சார், எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். கணக்கு டீச்சருக்கு இது எதற்கு? கேட்டார், சொல்லிக் கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கட்டச் சொன்னார். தானும் கட்டிப் பார்த்தார். அப்போது என் சுண்டுவிரல் லேசாகக் கோணத் தொடங்கியிருந்தது. அவர் முடிச்சைப் பார்த்தாரா, விரலைப் பார்த்தாரா, எனக்கு நினைவில்லை.

அதற்கடுத்த தடவையிலிருந்து பூ வாங்கி வருவது அவர் பொறுப்பு. தானாக எடுத்துக்கொண்டார். அதிலும் ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு தடவையும், நான் சொல்வதை நம்புங்கள், ஒவ்வொரு தடவையும் நான் கட்டி முடித்த பிறகுதான் பூவோடு வருவார். "ஐயோ சார், லேட்டாயிடுச்சு. கட்டிட்டீங்களா?" கட்டிவிட்டேன் டீச்சர். "பரவால்ல சார், ஓரமா செருகிடறேன். நீங்க கெளம்புங்க, பஸ் போயிடும்." கணக்கு சொல்லித் தருகிறவருக்கு நேரம் மட்டும் கணக்கில் வராது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பூ நேரத்துக்கு வந்ததில்லை சார். நானும் நாலு மணிக்கே வாருங்கள், மூன்று மணிக்கே வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நான் எப்போது கட்டி முடிக்கிறேனோ அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம். அதுதான் அவர் நேரம்.

வடலூர் வந்துவிட்டது. நீங்கள் இறங்கி டீ குடியுங்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் ஏற வேண்டும்.

எனக்குமா? எதற்கு சார் சிரமம். சரி, பேப்பர் கப்பில் வாங்கி வாருங்கள். கண்ணாடித் தம்ளரை விளிம்பில் பிடிக்க எனக்கு வராது.

நன்றி. இப்படி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் சூடு மூட்டுக்கு இதமாக இருக்கும். மாத்திரை? போட வேண்டும். இதோ போடுகிறேன். கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்ட இடம் மறந்துவிடும்.

ஜூலையில் ஜெசிந்தா டீச்சர் மாற்றலாகிப் போனார். பிரிவு உபசாரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் வந்து, "சார், ஆகஸ்டு பதினஞ்சாம் தேதி எங்க ஸ்கூல்ல சீக்கிரம் முடிஞ்சா இங்க வரட்டுமா?" என்றார். எதற்கு டீச்சர், அங்கே உங்கள் கொடியைப் பாருங்கள் என்றேன். "முந்தின நாளாவது?" என்றார். அவருக்கு எங்கள் பள்ளிமேல் அவ்வளவு பாசம். என் பீரியட்மேல் என்றும் சொல்லலாம்.

பதினான்காம் தேதி நானே போய்ப் பூ வாங்கினேன். செவ்வந்தியும் ரோஜாவும். மூன்று மணிக்கெல்லாம் பூ மேஜைமேல் இருக்கிறது. வரலாற்றிலேயே முதல் தடவையாக நேரத்துக்கு வந்த பூ. நடுவில் வைத்து, சுருட்டி, நிதானமாகக் கட்டினேன். யாரும் வந்து செருகவில்லை, யாரும் கிளம்புங்கள் என்று விரட்டவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஊராட்சித் தலைவர் பூங்காவனம் அம்மாள் வந்தார். நானூறு பிள்ளைகளும் சல்யூட்டில் நிற்கிறார்கள். பூங்காவனம் அம்மாள் கயிற்றை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். கம்பம் ஆடிற்று. கொடி பொட்டலமாகவே இருந்தது. "இன்னும் கொஞ்சம் பலமா" என்றார் தலைமையாசிரியர். அந்த அம்மாள் பலமாக இழுத்ததில் கம்பத்தின்மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்ததுதான் மிச்சம்.

இறக்கினார்கள். நான் கட்டிய முடிச்சு, நான்தானே அவிழ்க்க வேண்டும்? போனேன். மணி எட்டரை சார். என் விரல்களுக்கு அது நடுராத்திரி. சுருக்கின் நுனி உள்ளே போய் மாட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்குப் பார்க்க முடிகிறது, பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் சல்யூட் வைத்த கையோடு என் கையைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு கையாகக் கீழே இறங்குகிறது. இறக்கு என்று யாரும் கட்டளை கொடுக்கவில்லை. கட்டளை இல்லாமல் பிள்ளைகள் கையை இறக்கி என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூங்காவனம் அம்மாள் பக்கத்தில் வந்து என் கையை மெதுவாக ஒதுக்கினார். "வுடுங்க சார், எங்க வூட்டு எருமகூட இப்பிடி முடிச்சு போடாது" என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்தார். பூவெல்லாம் தலைமையாசிரியர் செருப்பின்மேல் கொட்டிற்று. பிறகு கொடியை விரித்து ஏற்றினார்கள், பாடினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கயிறு சார். நைலான் கயிறு. மேலே ஏற்றியதும் விடிகாலை மழையில் நனைந்து இறுகிவிட்டது. பருத்திக் கயிறாக இருந்தால் இந்த அவமானம் இல்லை.

தையல்நாயகியிடமும் கயிறு என்றுதான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வெந்நீர் வைத்தாள். என் கையை எடுத்து அதில் வைத்தாள். "கயிறாவே இருக்கட்டும். நாளைக்கு எழுதிக் குடுத்துருவோம்" என்றாள். நான் மறுநாள் மனுவைக் கொடுத்தேன். பல்புக்கு மூன்று கூட்டம் போடுகிற கலியபெருமாள் அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டார். எனக்கு அதுதான் உறுத்தல். எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "ஒங்களுக்கு நல்லதுதான் சார்" என்று வேறு சொன்னார். என்னை அனுப்பிவிட எவ்வளவு அவசரம்.

அப்புறம் ஜெசிந்தா டீச்சருக்கு போன் பண்ணினேன். எதற்கா? யாரிடமாவது அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கொடி விஷயம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். முழுக்கக் கேட்டார். நைலான் என்றேன், மழை என்றேன். எல்லாவற்றுக்கும் "ஆமா சார், ஆமா சார்" என்றார். கடைசியில், "பூ யாரு சார் வாங்குனா?" என்று கேட்டார்.

நானேதான் டீச்சர். மூன்று மணிக்கே வாங்கிவிட்டேன். இந்தத் தடவையாவது பூ நேரத்துக்கு வந்தது என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவர், "நேரத்துக்கு வந்துருச்சா... அதான் சார்" என்றார்.

அவ்வளவுதான். அதான் சார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூ நேரத்துக்கு வந்ததற்கும் முடிச்சு அவிழாததற்கும் என்ன சம்பந்தம்? கணக்கு டீச்சர்களுக்கே உள்ள வழக்கம், நடுவில் இரண்டு படியை விட்டுவிட்டு விடையை மட்டும் சொல்வார்கள்.

என்ன கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை.

மற்ற வருஷங்களில் பூ எப்படிக் கொட்டியது என்றா? அருமையாகக் கொட்டும். ஊராட்சித் தலைவர் இழுப்பார், கொடி விரியும், அதன் நடுவிலிருந்து ஒரே கொத்தாக, அப்படியே குடை மாதிரி...

நடுவிலிருந்துதான். ஆமாம்.

ஓரமாகச் செருகிய பூதான். அவர் ஓரமாகத்தான் செருகுவார். நான் கட்டி முடித்த பிறகுதானே வருவார், நடுவில் எப்படி வைக்க முடியும்? நடுவில் வைக்க வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்த்து, சுருட்டலைப் பிரித்து, பூவை வைத்து, மறுபடியும் முதலிலிருந்து...

குறிஞ்சிப்பாடி. ஆமாம், குறிஞ்சிப்பாடிதான். இங்கே கூட்டம் ஏறும். உங்கள் பையை இப்படி என் மடியில் வையுங்கள், பரவாயில்லை.

டீ ஆறிப்போய்விட்டது.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த முதல் பீரியட் நாலையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் உண்மையிலேயே வராது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாள் கெட்டிக்கார ஆசிரியர், அதையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை முதல் பீரியட் எனக்கு ஏழாம் வகுப்பு. அந்த வகுப்புக்குக் கணக்கு எடுப்பது வேறு டீச்சர். அதையும் இவர்தான் எடுத்தார். அடுத்தவருடைய வகுப்பில் போய் இவர் என்ன போர்ஷன் நடத்தியிருப்பார்? எட்டு வருஷமாக இதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இப்போதுதான் தோன்றுகிறது. இந்த பஸ் குலுக்குகிற குலுக்கலில் என்னென்னவோ தோன்றுகிறது.

காவல்காரன், வீட்டுக்காரன் என்று டாக்டர் ஒன்று சொன்னார் என்றேனே. அதை விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்த முடிச்சு என்னுடையதுதான். கை யாருடையதாகவும் இருக்கட்டும். ஒரு சுற்று, ஒரு வளைவு, நுனியை இரண்டு விரல்கடை வெளியே விடு என்று நான் சொல்லிக் கொடுத்ததுதான். இத்தனை வருஷமும் ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. இதை நான் போர்டில் சொல்லலாம். கேட்டால் சொல்லலாம். மூன்று டாக்டர்கள் கொடி முடிச்சைப் பற்றிக் கேட்பார்களா என்று தெரியவில்லை.

உங்கள் வேலையை நீங்களே செய்ய முடிகிறதா என்றுதான் கேட்பார்கள். அதற்கு நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன் அல்லவா? இத்தனை வருஷமாக யார் செய்தார்கள் என்று. அந்தக் கேள்வியை இப்போது நான் கேட்டால் நன்றாக இருக்காது. யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

கடலூர் எல்லை வந்துவிட்டது போலிருக்கிறது. மழையும் விட்டுவிட்டது. வேண்டுமானால் அந்த ஷட்டரைத் தூக்கிவிடுங்கள், காற்று வரட்டும். அடடா, மறுபடியும் ஒரே அழுத்து.

மாத்திரையா? இருக்கட்டும், இருக்கட்டும். திரும்பிப் போகும்போது பஸ் படி உயரமாக இருக்கும், அப்போது பார்த்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் தையல்நாயகியிடமே கொடுத்துவிடலாம். இதை எங்கே பதுக்கி வைத்தீர்கள் என்று சண்டை போட அவளுக்கும் ஒரு விஷயம் வேண்டும்.

சாயங்காலம் ஜெசிந்தா டீச்சருக்கு போன் பண்ணுவேன். அந்த பீரியடுகளை இனி அவர் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். பெருந்தன்மைதான், வேறென்ன.

எல்லாரும் இறங்கட்டும் சார், நமக்கு அவசரமில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டால் முழங்கால் கொஞ்சம் யோசித்துத்தான் நிமிரும். கையைக் கொடுங்கள். மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள், முழங்கைக்கு மேலே பிடியுங்கள். அப்படித்தான். மெதுவாக. கண்டக்டர் பார்க்கிறாரா? பார்க்கட்டும். அங்கே மூன்று பேர் பார்க்கத்தானே வரச் சொல்லியிருக்கிறார்கள்.